மூன்று பூட்டுக் கம்ப்யூட்டர்

ரெமிஜியஸ் தன் சொந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் வாத்தாகிப்போனதை லிங்கராஜபுரத்தில் சிலர் இன்றும் அவருடைய குற்றம் என்றே சொல்கிறார்கள். வாசற்கதவைத் திறந்து வைத்தவர் அவர்தானே என்பது அவர்கள் கட்சி.

ரெமிஜியஸுக்குப் பீன்யாவில் ஒரு பட்டறையில் லேத் வேலை. ஒரே மகள் லீனா நர்ஸ். கணவன் டேரிலோடு குவைத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால், "டாடி, மம்மி, நாம தினமும் இதுல பேசிக்கலாம்" என்று ஒரு கம்ப்யூட்டரை வாங்கி முன்னறையில் வைத்துவிட்டுப் போனாள். கேபிள்காரர் வந்து இன்டர்நெட் இழுத்துக் கொடுத்தார். ரெமிஜியஸின் மனைவி நோரா அதற்கு ஓர் உறை தைத்துப் போட்டாள். அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டருக்கு நல்ல காலமே இல்லை.

அவர்கள் கோயிலைச் சேர்ந்த பங்கில், தெருவுக்குத் தெரு உள்ள கிறிஸ்தவக் குடும்பங்களைச் சேர்த்து அன்பியம் என்று வைத்திருந்தார்கள். புதன்கிழமைதோறும் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, ஜெபமாலை சொல்லி, பைபிள் வாசித்து, டீ குடித்துக் கலைவார்கள். ரெமிஜியஸின் தெருவுக்குப் புனித கிறிஸ்டோபர் அன்பியம். திருவிழா மலர் அச்சடிக்க வேண்டி வந்தபோது, தெருவிலேயே கம்ப்யூட்டர் இருக்கும்போது வெளியில் கொடுப்பானேன் என்று யாரோ கேட்டார்கள். ரெமிஜியஸ் நல்ல மனிதர். அதுதான் அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம். "அதுக்கென்ன, வாங்க" என்று சொல்லிவிட்டார்.

வந்தார்கள். மாவு மில் கூட்டம்போல வந்தார்கள். மலர் ஒருவழியாகத் தயாரானது. அதைப் பார்வையிடப் பங்குத்தந்தை வந்த மாலையில் நோரா உறையை எடுத்தாள், ரெமிஜியஸ் சுவிட்சைப் போட்டார். திரையில் அதுவரை இருந்த திருஇருதய ஆண்டவர் படத்தைக் காணோம். அந்த இடத்தில் மழையில் தொப்பலாக நனைந்த ஒரு நடிகை நின்று ஃபாதரைப் பார்த்துச் சிரித்தாள். ஃபாதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "மலர்ல இது எத்தனாவது பக்கம்?" என்று மட்டும் கேட்டார்.

படத்தை மாற்றியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. தெரியாததனால் எல்லோர் மேலும் நடவடிக்கை எடுக்க வேண்டியதாயிற்று.

அடுத்த புதனன்று தலைவர் சின்னப்பா அவசரக் கூட்டம் என்று அறிவித்தார். அரசு அலுவலகம் ஒன்றில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதை அவர் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. ஜெபமாலையைப் பத்தே மணி உருட்டும் ஒரு பத்துமணியோடு முடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"நான் ஆயுசு பூரா ஆபீஸ்ல இருந்தவன். ஒரு ஃபைல்கூட என்னைத் தாண்டிப் போனதில்ல" என்று தொடங்கினார். "எல்லாரும் எல்லாத்தையும் தொடலாம்னா அது வீடு இல்ல, சந்தை. ஆகவே இந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு நிர்வாகம் வேணும்."

"அண்ணா, அது என் வீட்டுக் கம்ப்யூட்டரு" என்றார் ரெமிஜியஸ் மெதுவாக.

"அதனாலதான் உன்னைக் காப்பாத்துறோம் ரெமி. சும்மா டென்ஷன் ஆகாதே."

செயலாளர் மௌரீன் பள்ளிக்கூட ஆசிரியை. மாலை நேர வகுப்பில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்தவள். வழியைச் சொன்னவள் அவள்தான். கம்ப்யூட்டரில் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று ஒருவர் உண்டு. அவர் எதையும் மாற்றலாம். மற்றவர்கள் வரம்புக்கு உட்பட்டவர்கள். அவர்கள் உள்ளே வரலாம், பார்க்கலாம், டைப் அடிக்கலாம். கடிகாரத்தைத் திருத்தவோ புதிதாக ஒரு கருவியை மாட்டவோ முடியாது.

"அனுமதி குடுக்கிறது யார் வேணாலும் பண்ணலாம்" என்றாள் மௌரீன். "குடுக்காம இருக்கிறதுக்குத்தான் படிச்சிருக்கணும்."

யார் அந்த அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற கேள்வி எழுந்தது. எல்லோரும் அவரவர் மடியைப் பார்த்துக்கொண்டார்கள். பொருளாளர் பியாட்ரிஸ் தொண்டையைக் கனைத்தாள். "நான் யாரையும் தனியா சந்தேகப்பட மாட்டேன்" என்றாள். "எல்லாரையும் ஒண்ணாத்தான் சந்தேகப்படுவேன்."

அப்போதுதான் சின்னப்பாவுக்கு அந்த யோசனை உதித்தது. கோயில் உண்டியலுக்கு மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று பேரிடம். மூவரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். யாருக்காவது மனசில் உறுத்தல் வந்தால் தன் பூட்டை மாற்றி வேறு பூட்டு மாட்டிக்கொள்ளலாம். இத்தனை வருடத்தில் ஒரு காசு குறைந்ததில்லை. கம்ப்யூட்டருக்கும் அதே முறை. பாஸ்வேர்டில் முதல் துண்டு தலைவருக்கு, நடுத்துண்டு செயலாளருக்கு, கடைசித் துண்டு பொருளாளருக்கு. ஒருவர் அடிக்கும்போது மற்ற இருவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். எட்டிப் பார்க்கும் சோதனையில் விழாமலிருக்க ஒரு பரலோக மந்திரம் சொல்ல வேண்டும். தன் துண்டை மாற்றிக்கொண்டவர் பழசை ஞாபகம் வைத்திருக்கக் கூடாது.

தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறியது. ரெமிஜியஸும் தட்டினார். தட்டாமல் இருந்தால் நடிகையை மாட்டியவர் அவர்தான் என்றாகிவிடும்.

பிறகு ஆளுக்கொரு கணக்கு திறந்தார்கள். ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு சின்னப் படம் வைக்கலாம் என்று மௌரீன் சொன்னதும் அன்றைய பைபிள் வாசிப்பு அதோடு நின்றது. சின்னப்பா சதுரங்கக் காயை எடுத்துக்கொண்டார். மௌரீன் பட்டாம்பூச்சி. பியாட்ரிஸ் சிவப்புப் பூ. குதிரை, கிடார், கால்பந்து எல்லாம் தெருக்காரர்களுக்குப் போயின. வீட்டுக்காரரின் முறை வந்தபோது குளியல் தொட்டியில் மிதக்கும் மஞ்சள் வாத்து ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அன்று முதல் ரெமிஜியஸ் கம்ப்யூட்டரைப் போட்டால் அந்த வாத்தை அழுத்தித்தான் உள்ளே போக வேண்டும். "நம்ம வீட்டுக்குள்ள நாம பின்வாசல் வழியா போற மாதிரி இருக்கு" என்றாள் நோரா.

ஒரு மாதம் கழித்துக் கடிகாரம் கெட்டது. கரண்ட் போய் வந்ததிலோ என்னவோ, கம்ப்யூட்டர் காலையை மாலை என்று காட்டியது. ரெமிஜியஸ் திருத்தப் போனார். நேரத்தை மாற்றும் உரிமை உங்களுக்கு இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டம் வந்து நின்றது. அவர் அதைச் சின்னப்பாவிடம் போய்ச் சொன்னார்.

"பாத்தியா, வேலை செய்யுது" என்றார் சின்னப்பா மகிழ்ச்சியோடு.

"நேரம் தப்பா இருக்குண்ணா."

"நேரம் தப்பா இருக்கலாம் ரெமி. முறை தப்பா இருக்கக் கூடாது."

இரண்டு புதன்கிழமைகள் விவாதித்தபின் மூவரும் வந்தார்கள். சின்னப்பா அடிக்கையில் இரண்டு பெண்களும் காலண்டர் மாட்டிய சுவரைப் பார்த்து நின்று பரலோக மந்திரம் முணுமுணுத்தார்கள். பிறகு மௌரீன், பிறகு பியாட்ரிஸ். கம்ப்யூட்டர் திறந்தது. நேரத்தைச் சின்னப்பாவின் கைக்கடிகாரத்தைப் பார்த்து வைத்தார்கள். எங்கும் தாமதமாகப் போகக் கூடாது என்பதற்காக அவர் அதை எப்போதும் கொஞ்சம் முன்னால் ஓட விட்டிருப்பவர். ஆகவே கம்ப்யூட்டர் இன்னமும் தப்பான நேரத்தைத்தான் காட்டியது. ஆனால் அது முறையாக வந்த தப்பு.

இந்த நிலையில்தான் லீனாவுக்குக் குவைத்தில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு வருடத்துக்கு ஊருக்கு வர லீவு கிடையாது. நோரா தன் கல்யாணப் புடவையை வெட்டி ஞானஸ்நான கவுன் தைத்து, அங்கே போகிறவர்களிடம் கொடுத்தனுப்பினாள். அங்கிருந்து வந்த லீனாவின் தோழி ஒரு சின்ன கேமராவைக் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றே லீனாவிடமிருந்து போன் வந்தது.

"டாடி, வெள்ளிக்கிழமைதான் இங்க ஞானஸ்நானம். முடிச்சிட்டு வீட்டுக்கு வந்ததும் மம்மி தெச்ச கவுனோடயே குழந்தையக் காட்டுறேன். உங்க டைம் ஏழு மணி. கேமராவ மாட்டி ரெடியா வெச்சிருங்க. நீங்களும் அவளுக்குத் தெரியணும்."

ரெமிஜியஸ் போனை வைத்த கையோடு கேமராவைச் செருகினார். அதே கட்டம் வந்து நின்றது. இந்தக் கருவியைச் சேர்க்க அட்மினிஸ்ட்ரேட்டர் வர வேண்டும்.

அவர் அன்று மாலையே மூன்று வீடும் ஏறி இறங்கினார். பேத்தி முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவரிடம் வேறு வாதம் இல்லை. அது எந்த வீட்டிலும் போதவில்லை.

"கேமராங்கிறது சாதாரண விஷயம் இல்ல" என்றார் சின்னப்பா. "நாளைக்கு எல்லாரும் பேத்தி பேத்தின்னு வந்து நின்னா? ஒரு பேத்திக்கு செஞ்சா எல்லாப் பேத்திக்கும் செய்யணும். உனக்காக ஒரு உபகுழு போடுறேன்."

"குழந்தை பேரு, பிறந்த தேதி எல்லாம் வேணும் ரெமி அண்ணா" என்றாள் மௌரீன். "அப்புறம், குழந்தை நம்ம பங்கைச் சேர்ந்தது இல்லையே. அதை எந்த வகையில சேக்கிறதுன்னு யோசிக்கணும்."

பியாட்ரிஸிடம் வேறு சிக்கல். திருவிழாத் தேருக்கு முன்னால் பூக்கூடை பிடிக்கும் உரிமை மௌரீனுக்குப் போனதிலிருந்து அவளோடு இவளுக்குப் பேச்சு இல்லை. "உனக்காக வர்றேன் தம்பி" என்றாள். "ஆனா அவ நிக்கிற ரூம்ல நான் நிக்க மாட்டேன். நான் அடிக்கும்போது அவ சமையல்கட்டுச் சுவரைப் பாக்கட்டும்."

ரெமிஜியஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். உபகுழு கூடி, குழந்தை நல்ல நோக்கத்தோடுதான் பிறந்திருக்கிறது என்று பரிந்துரைத்தது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கேமரா அனுமதிக்கப்படும் என்று முடிவாயிற்று. அன்று ரெமிஜியஸ் பட்டறையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு இரண்டு பஸ் மாறி வந்து, முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்தார். நோரா காதில் கல்யாணத் தோடு போட்டிருந்தாள். பேத்தி முதல்முதலாகப் பார்க்கப்போகிறாள் என்று தலைக்கு மல்லிகைப்பூகூட வாங்கி வைத்திருந்தாள்.

ஆறரைக்கு மூவரும் வந்தார்கள். ஆரம்ப ஜெபம், வரவேற்புரை. பிறகு சின்னப்பா அறிவியலும் விசுவாசமும் என்பது பற்றிச் சிற்றுரை ஆற்றினார். அதில் உண்டியல் ஐந்து முறை வந்தது, குழந்தை ஒரு முறையும் வரவில்லை. உரை முடிவதற்குள் போன் அடித்தது.

"டாடி, கவுன் போட்டு உக்கார வெச்சிருக்கேன். புழுக்கத்துல அழறா. சீக்கிரம் வாங்க" என்றாள் லீனா.

"இதோம்மா, சாமி கும்பிட்டு முடிஞ்சிடுச்சு" என்றார் ரெமிஜியஸ்.

சின்னப்பா அடித்தார். மௌரீன் அடித்தாள். மௌரீனைச் சமையல்கட்டுக்கு அனுப்பிவிட்டுப் பியாட்ரிஸ் அடித்தாள். பாஸ்வேர்டு தவறு என்றது கம்ப்யூட்டர்.

மறுபடி வரிசையாக அடித்தார்கள். மறுபடியும் தவறு. மூன்றாம் முறை பரலோக மந்திரத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தார்கள். அதற்கும் அது அசையவில்லை.

"நான் சரியாத்தான் அடிச்சேன்" என்றாள் சமையல்கட்டிலிருந்து மௌரீன். "பழசு இல்ல, புதுசு."

"என்ன புதுசு?" என்றார் சின்னப்பா.

"பூக்கூடை விஷயம் ஆனதுக்கப்புறம் எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. நான் என் பூட்டை மாத்திட்டேன்."

"மாத்தினீங்களா மிஸ்? எங்க மாத்தினீங்க?" என்று கேட்டார் ரெமிஜியஸ். "நீங்க இங்க வரவே இல்லையே."

மௌரீன் வாசற்படியில் வந்து நின்றாள். டிப்ளமா முடித்த முகம் மெல்லச் சிவந்தது. "மனசுலதான்" என்றாள்.

பியாட்ரிஸ் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். "நானும்தான்" என்றாள். அவள் தன் துண்டை அவ்வப்போது மாற்றி வந்திருக்கிறாள். மௌரீனைத் தெருவில் எதிரே பார்க்கும்போதெல்லாம் ஒரு தடவை.

"பழசு என்னன்னு சொல்லுங்கக்கா, அது போதும்" என்று ரெமிஜியஸ் கும்பிட்டார்.

"பழசை மறந்துட்டேன் தம்பி. கஷ்டப்பட்டு மறந்தேன். தீர்மானத்துலயே இருக்கு, ஞாபகம் வெச்சுக்கக் கூடாதுன்னு."

எல்லோரும் சின்னப்பாவைப் பார்த்தார்கள். அவர் நெடுநேரம் கீபோர்டைப் பார்த்தார். "தலைவர் மாத்தினாரா இல்லையாங்கிறதை வெளியில சொல்றது மரபு இல்ல" என்றார்.

போன் மறுபடி அடித்தது. ரெமிஜியஸுக்கு எடுக்கத் தைரியம் வரவில்லை. பத்தொன்பது வயதிலிருந்து இரும்பைக் கடைந்து, முதலாளி சொன்னதற்கும் மேஸ்திரி சொன்னதற்கும் சரி சொல்லிப் பழகிய மனிதர். அன்றைக்கும் அவர் சும்மா நின்றிருப்பார். நோராதான் எழுந்து போனை எடுத்தாள். "லீனா, கவுனக் கழட்டாதே. இதோ வர்றோம்" என்றாள். கேமராவைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டாள். செருப்பை மாட்டினாள்.

"ஏங்க, வாங்க."

மெயின் ரோட்டில் சிவசங்கரன் என்பவர் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர். ரெமிஜியஸ் மூச்சிரைக்க அவர் முன்னால் போய் நின்றார்.

"இங்க யார்கிட்ட அனுமதி வாங்கணுங்க?"

"எதுக்கு சார்?"

"உக்கார்றதுக்கு."

சிவசங்கரன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நாற்காலி காலியா இருந்தா உக்கார வேண்டியதுதான் சார்."

உட்கார்ந்தார்கள். சிவசங்கரன் கேமராவைச் செருகி எதையோ இரண்டு முறை தட்டினார். திரையில் கட்டம் கட்டமாக ஏதோ அசைந்தது. கட்டங்கள் சேர்ந்து ஒரு குழந்தையாயின. அழுது அழுது முகம் தக்காளியாகியிருந்தது. நோராவின் கல்யாணப் புடவை அதன் உடம்பில் இருந்தது.

"கைய நீளமா வெச்சுட்டேன்" என்றாள் நோரா.

ரெமிஜியஸுக்கு அழுகை வந்தது. இவ்வளவு சுலபமான ஒன்றுக்கா இத்தனை நாள் படியேறி இறங்கினோம் என்ற கோபம்தான் அதில் பாதி. மீதிப் பாதி சுத்தமான சந்தோஷம். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுத் திரையில் தெரிந்த வழுக்கைத் தலையை முறைத்துப் பார்த்தது.

"டாடி, இது நம்ம வீடு இல்லையே? பின்னால என்னமோ போஸ்டர் தெரியுது" என்றாள் லீனா.

"வீட்ல கொஞ்சம் கூட்டம் நடக்குதும்மா" என்றார் ரெமிஜியஸ்.

கிளம்பும்போது சிவசங்கரன் விவரம் கேட்டார். ரெமிஜியஸ் சதுரங்கக் காயிலிருந்து வாத்து வரை சொன்னார். சிவசங்கரன் சிரிக்கவில்லை. "அது உங்க மெஷின்தானே சார்?" என்று மட்டும் கேட்டார். அத்தனை மாதத்தில், அத்தனை கூட்டத்தில், ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை. நாளைக்குக் காலையில் சி.டி. எடுத்து வருவதாகவும், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருவதாகவும் சொன்னார்.

வீடு திரும்பியபோது மூவரும் அங்கேயே இருந்தார்கள். மௌரீனும் பியாட்ரிஸும் ஒரே சோபாவில், ஒரே தட்டு முறுக்கைப் பகிர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சின்னப்பாவின் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"வா ரெமி. ஏகமனதா ஒரு தீர்மானம் போட்டிருக்கோம். நம்ம அன்பியம் ஆரம்பிச்சதுலேர்ந்து ஏகமனதா வந்த முதல் தீர்மானம்" என்றார். எழுந்து நின்று வாசித்தார். "நமது கம்ப்யூட்டரை நாமே திறக்க முடியாத அளவுக்குப் பாதுகாத்த நிர்வாகிகளை இக்கூட்டம் மனதாரப் பாராட்டுகிறது. ஒத்துழைத்த வீட்டுக்காரருக்கு நன்றி தெரிவிக்கிறது."

ரெமிஜியஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். தன் வீட்டில், யாரும் சொல்லாமல், அவரே உட்கார்ந்தார். "நாளைக்குக் கடைக்காரர் வர்றார் அண்ணா" என்றார். "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போடுறோம்."

"அழிக்கிறதா? அதுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் சம்மதிக்கணுமே."

"அட்மினிஸ்ட்ரேட்டராலயே உள்ள போக முடியலையேண்ணா."

சின்னப்பாவுக்கு இது எந்த விதியில் வருகிறது என்று பிடிபடவில்லை. "சரி, புதுசா போட்டா அதுக்கு யாரு அட்மினிஸ்ட்ரேட்டர்?"

"நான்" என்றாள் நோரா. இத்தனை கூட்டங்களில் டீயைத் தவிர வேறெதையும் முன்வைக்காதவள்.

"நீயாம்மா? அப்ப நாங்க? புதன்கிழமைக்கு நாங்க எதுக்கு வர்றது?"

"ஜெபம் பண்ண வாங்கண்ணா" என்றாள் நோரா. "அதுக்கு யாரோட அனுமதியும் வேணாம். இப்பவே வேணா பண்ணலாம். குழந்தைக்காக ஒரு பத்துமணி சொல்லுங்க."

மௌரீன் சின்னப்பாவைப் பார்த்தாள். பியாட்ரிஸும் சின்னப்பாவைப் பார்த்தாள். அவர் தீர்மானத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

ஜெபம் இன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் அது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுவதாக அறிவித்துவிட்டுப் படியிறங்கினார்.